ஒரு நீலத்துக்கு ஆறு சேய்

திமி என்று ஒரு பெரிய மீன் இருந்ததாம். அதையே விழுங்குவதால் திமிங்கிலத்துக்குத் திமிங்கிலம் என்று பெயர். நம் முன்னோர்கள் அதோடு விடவில்லை. அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குகிற ஒன்று கடலில் உண்டு என்று சொல்லி, திமிங்கிலகிலம் என்று பெயர் வைத்து, அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதித் திமிங்கிலம் உள்ளே போயிருக்கும். இது கற்பனைப் பிராணி என்றுதான் நெடுங்காலமாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். தப்பு. அதற்குப் பிறந்த ஊர் உண்டு, தகப்பனார் உண்டு. ஊர், நார்வே நாட்டின் டோன்ஸ்பெர்க். தகப்பனார், ஸ்வென் ஃபோய்ன்.

ஃபோய்ன் பரம பக்தர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆண்டவனை நினைப்பார். மற்ற நாட்களில் கடல்நாய் வேட்டை. 1870இல் அவர் ஒரு பீரங்கிக்குக் காப்புரிமை வாங்கினார். நீராவிப் படகின் மூக்கில் அதைப் பொருத்திச் சுட்டால் ஈட்டி பாயும். ஈட்டி உடம்புக்குள் போனதும் அதன் முனையிலுள்ள குண்டு வெடிக்கும்.

அதுவரை மனிதன் துடுப்புப் போட்டு, கையால் ஈட்டி எறிந்துதான் திமிங்கிலம் பிடித்தான். மெதுவாக நீந்துகிற, செத்தால் மிதக்கிற இனங்கள்தான் அவனுக்குத் தோது. அப்படியொன்றுக்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் ‘சரியான திமிங்கிலம்’. எதற்குச் சரி? கொல்வதற்குச் சரி. நாம் ஆட்டுக்குட்டிக்கு ‘பிரியாணி’ என்று பெயர் சூட்டி, வா வா என்று கூப்பிடுவதுபோல.

இந்தக் கணக்கில் நீலத் திமிங்கிலம் சரியில்லாத திமிங்கிலம். துடுப்புப் படகுக்கு எட்டாத வேகம். செத்தாலோ கல்போல மூழ்கிவிடும். ஃபோய்னின் பீரங்கி முதல் சிக்கலைத் தீர்த்தது. இரண்டாவதற்கு வைத்தியம் இன்னும் எளிது: சைக்கிள் டியூபுக்கு அடிப்பதுபோல, செத்த உடம்புக்குள் காற்றடித்து மிதக்க விட்டார்கள்.

இவ்வளவு பாடும் எதற்காக? சீமாட்டிகளின் இடுப்பை இறுக்கும் உள்ளுடைக்கு வாய்த்தகடு, விளக்குக்கு எண்ணெய், முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு கிளிசரின், அதன்பிறகு மார்கரின். பூமியில் இதுவரை தோன்றியவற்றிலேயே ஆகப்பெரிய உயிர், ஐரோப்பியக் குடும்பங்களின் காலை ரொட்டியில் மெல்லிசாகத் தடவப்பட்டது.

1925இல் ஆலைக்கப்பலின் பின்புறத்தில் ஒரு சறுக்குப் பாதை வைத்தார்கள். திமிங்கிலத்தை அதன்வழியே மேலே இழுத்து, நடுக்கடலிலேயே உரித்து, அங்கேயே காய்ச்சிப் பீப்பாயில் அடைத்துவிடலாம். கரைப்பக்கமே போக வேண்டாம். கரையில் இருக்கும் அரசாங்கத்துக்கு உரிமக் கட்டணமும் வேண்டாம், பதிலும் வேண்டாம்.

ஆறே வருஷத்தில் பலன் தெரிந்தது. 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்ட்டிகக் கடலில் செத்த நீலத் திமிங்கிலங்கள் 29,000க்கும் மேல். எண்ணெய் மலிந்து விலை படுத்துவிட்டது. அடுத்த பருவம் நார்வேக்காரர்கள் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். திமிங்கிலத்துக்கு முதல் பாதுகாப்பு வழங்கிய புண்ணியம் உலகச் சந்தையையே சேரும்.

உலக நாடுகளும் சும்மா இருக்கவில்லை. 1931இல் ஜெனிவாவில் கூடி, ‘தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்’ என்று கையெழுத்துப் போட்டன. குட்டியையும் குட்டியோடு இருக்கும் தாயையும் கொல்லக் கூடாது. சரியான திமிங்கிலத்தைத் தொடவே கூடாது. நல்ல சட்டம். சரியான திமிங்கிலத்தைத் தொடுவதற்குத் தேடினாலும் கிடைக்காத நிலைமை வந்த பிறகுதான் போட்டார்கள் என்பது மட்டும்தான் குறை. அது நடைமுறைக்கு வரவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. ஜப்பானும் ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர். மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்வதில் மும்முரமாக இருந்ததால் திமிங்கிலங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. போர் முடிந்ததும் ஐரோப்பாவில் கொழுப்புப் பஞ்சம். மறுபடி எல்லோருக்கும் கடல் ஞாபகம் வந்தது.

1946 டிசம்பரில் 15 நாடுகள் வாஷிங்டனில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் முகவுரையை ரசித்துப் படிக்க வேண்டும். திமிங்கில வளத்தை முறையாகப் பேணுவது, அதன்மூலம் திமிங்கில வேட்டைத் தொழில் ஒழுங்காக வளர வழிசெய்வது: இதுதான் நோக்கமாம். கோழிகள் நலச் சங்கத்தின் முதல் தீர்மானம், கோழிக்கடைகள் பெருகட்டும் என்பதுதான். ‘நீடித்த வளர்ச்சி’ என்ற சொல்லை உலகத்தின் வாயில் போட்ட அறிக்கை வர இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. அந்த அறிக்கையை 1987இல் தந்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நார்வேயின் க்ரோ ஹார்லெம் ப்ரூண்ட்லாண்ட் அம்மையார். 1993இல் நார்வே வியாபார வேட்டையை மறுபடி தொடங்கியபோது அங்கே பிரதமர் யார் தெரியுமா? அதே அம்மையார்தான்.

ஒப்பந்தத்தை நடத்த ஏற்பட்ட அமைப்புக்குச் சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷன் என்று பெயர். கமிஷன் என்ற சொல்லுக்கு நம்மூரில் என்ன பொருளோ, முதல் இருபது வருஷம் அங்கேயும் ஏறக்குறைய அதே பொருள்தான். ஆளுக்கு எவ்வளவு என்பது ஒன்றே பேச்சு. விதிகளில் ஒரு சின்ன ஓட்டையும் வைத்திருந்தார்கள். தீர்மானம் பிடிக்காத நாடு 90 நாளுக்குள் ‘ஆட்சேபம்’ என்று ஒரு கடிதம் போட்டால் போதும், அந்தத் தீர்மானம் அந்த நாட்டை ஒன்றும் செய்யாது. ஓட்டை என்றா சொன்னேன்? ஆலைக்கப்பலே நுழைகிற வாசல் அது.

கமிஷன் கையில் எடுத்த அளவுகோலுக்குத்தான் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். நீலத் திமிங்கில அலகு என்று அதற்குப் பெயர். எண்ணெய் வரத்தை வைத்துப் போட்ட வாய்ப்பாடு அது:

ஒரு நீலம் = இரண்டு துடுப்புத் திமிங்கிலம் = இரண்டரைக் கூன்முதுகு = ஆறு சேய்.

சேய் என்பது நார்வே மொழியிலிருந்து வந்த பெயர். அதுவும் வளர்ந்த திமிங்கிலம்தான். தமிழில் படிக்கும்போது நமக்குத்தான் நெஞ்சு பதறுகிறது. ஜெனிவாவில் தாயும் சேயும் நலம் என்றவர்கள், வாஷிங்டனுக்கு வந்ததும் ஆறு சேய் கொண்டுவா, ஒரு நீலம் என்று வரவு வைக்கிறேன் என்கிறார்கள். அந்த அரைக் கூன்முதுகு எந்தக் கடலில் நீந்தியது என்பதற்கும் இன்றுவரை விளக்கம் இல்லை.

அண்டார்ட்டிகாவுக்கு ஒரு பருவத்துக்கு 16,000 அலகு என்று உச்சவரம்பு வைத்தார்கள். எந்த இனம், எத்தனை என்ற கேள்வியே கிடையாது. இரண்டு துடுப்பைப் பிடிக்க இரண்டு தடவை துரத்த வேண்டும், இரண்டு தடவை சுட வேண்டும். ஒரு நீலத்துக்கு ஒரே துரத்தல், ஒரே சூடு. மாலுமி முட்டாளா? கண்ணுக்கு ஒரு நீலம் தெரிகிற வரை அதைத்தான் சுட்டான். நீலம் அருகிப்போனாலும் அலகு அருகவில்லை. கணக்குப் புத்தகத்தில் 16,000 கொழுகொழுவென்று இருந்தது. கடலில்தான் ஆளைக் காணோம்.

இந்த 16,000 யாருக்கு எவ்வளவு என்றும் முதலில் பிரிக்கவில்லை. பந்தியில் மொத்தம் நூறு லட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு, இலைக்கு எத்தனை என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? கல்யாண வீட்டில் நடப்பதுதான் அண்டார்ட்டிகாவிலும் நடந்தது. வாராவாரம் ஒவ்வொரு கப்பலும் நார்வேயின் சாண்டஃப்யோர்டில் இருந்த கணக்கு அலுவலகத்துக்குத் தந்தி அடிக்கும். அவர்கள் கூட்டிப் பார்த்து, ‘இன்ன தேதியோடு லட்டு தீர்ந்தது, எல்லோரும் எழுந்திருங்கள்’ என்று அறிவிப்பார்கள். அதற்குள் அள்ளியவனுக்கு அள்ளிய அளவு. ஆகவே இன்னும் வேகமான படகு, இன்னும் அதிகப் படகு. நாலு மாதம் ஓடிய பருவம் ஏறத்தாழ இரண்டு மாதமாகச் சுருங்கியது. இதற்குத் திமிங்கில ஒலிம்பிக் என்றே பெயர் வந்துவிட்டது.

ஒலிம்பிக் என்றதும் ஒரு கிரேக்கர் வர வேண்டுமே, வந்தார். கப்பல் முதலாளி அரிஸ்டாட்டில் ஒனாசிஸ். எண்ணெய்க் கப்பல் ஒன்றை ஆலைக்கப்பலாக மாற்றி, ‘ஒலிம்பிக் சேலஞ்சர்’ என்று பெயர் வைத்து, பனாமா கொடி ஏற்றி, ஜெர்மானிய மாலுமிகளை அமர்த்தி இறங்கினார். முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, ஆட்கள் ஒரு நாடு. சர்வதேச ஒத்துழைப்பு என்றால் இதுவல்லவோ! பருவமா, அளவா, குட்டியா என்றெல்லாம் அவர் கப்பல் பார்க்கவில்லை. 1954 நவம்பரில் பெரு நாட்டுக்குக் கோபம் வந்தது. கரையிலிருந்து 200 மைல் வரை எங்கள் கடல் என்று சொல்லி, விமானமும் போர்க்கப்பலும் அனுப்பி அந்தக் கூட்டத்தைப் பிடித்து வந்து, 30 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஒனாசிஸ் முகம் வாடியதா? இல்லை. அவர் முன்பே காப்பீடு செய்திருந்தார். பணம் கட்டியது லண்டன் இன்ஷூரன்ஸ்காரர்கள். இரண்டு வருஷத்தில் கப்பலை ஜப்பானியரிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்.

ஒனாசிஸின் சொகுசுப் படகு ‘கிறிஸ்டினா’வில் ஒரு மதுக்கூடம். அங்குள்ள முக்காலிகளுக்குத் திமிங்கிலத் தோல் உறை. ஆண் திமிங்கிலத்தின் எந்தப் பகுதித் தோல் என்பதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெட்டுவது என்று சொன்னதிலேயே பாதி விடை வந்துவிட்டது. அதில் உட்கார்ந்த பிறகு, தாங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று விருந்தாளிச் சீமாட்டிகளிடம் சொல்லி மகிழ்வதில் ஒனாசிஸுக்குத் தனி ஆனந்தமாம்.

இதற்கிடையில் கமிஷனில் விஞ்ஞானிகள் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்கள். நீலம் குறைகிறது, அளவைக் குறையுங்கள் என்றார்கள். டச்சுக்காரர்கள் ஒப்பவில்லை. குறைகிறது என்று ஐயமற நிரூபியுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஐயமற நிரூபிக்க ஒரே வழி, முழுக்கத் தீர்த்துவிட்டுக் காட்டுவதுதான். 1959இல் நெதர்லாந்தும் நார்வேயும் கோபித்துக்கொண்டு வெளியேறின. சம்பந்தி வீட்டுக் கோபம் மாதிரி, கொஞ்ச நாளில் இரண்டும் திரும்பி வந்தன. 1960இல் கணக்குத் தெரிந்த மூன்று பேரை (சாப்மன், ஆலன், ஹோல்ட்) அழைத்து, எத்தனை இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க, ஐந்து நாடுகள் 1962இல் ஒருவழியாகப் பாகப்பிரிவினை முடித்தன. ஜப்பானுக்கு 33 சதவீதம், நார்வேக்கு 32, ரஷ்யாவுக்கு 20, பிரிட்டனுக்கு 9, நெதர்லாந்துக்கு 6. மறுவருஷம் கணக்கர்கள் வந்து, பங்கு பிரித்தது சரி, சொத்து எங்கே என்று கேட்டார்கள். 1966இல்தான் நீலத் திமிங்கிலத்துக்கு முழுத் தடை வந்தது. அதுவும் தேடினால் கிடைக்காத நிலை வந்த பிறகு. ஜெனிவாப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

பாகத்தில் 20 சதவீதம் வாங்கிய ரஷ்யர்கள்தான் இந்தக் கதையின் உண்மையான கலைஞர்கள். ‘ஸ்லாவா’ என்ற ஆலைக்கப்பலோடு 1946இல் இறங்கினார்கள். ஸ்லாவா என்றால் புகழ். அந்தப் புகழுமே ஜெர்மனியிடமிருந்து போர் இழப்பீடாக வாங்கியது. பிறகு இன்னும் பெரிய கப்பல்கள் வந்தன. அவர்களுக்குத் திமிங்கிலம் பெரிதாகத் தேவைப்படவே இல்லை. இறைச்சியைத் தின்ன ஆள் கிடையாது. ஆனால் ஐந்தாண்டுத் திட்டம் இருந்தது. திட்டத்தில் இத்தனை டன் என்று எழுதியிருந்தது. இலக்கைத் தாண்டினால் போனஸ், பதக்கம். இந்த வருஷம் தாண்டியதுதான் அடுத்த வருஷத்து இலக்கு. ஆகவே சுட்டார்கள். கொழுப்பை மட்டும் சீவிவிட்டு, எத்தனையோ உடல்களை அப்படியே கடலில் தள்ளினார்கள்.

கமிஷனுக்குக் கணக்கு? அதுவும் ஒழுங்காகப் போனது. தென்கடலில் பிடித்த கூன்முதுகுகள் மொத்தம் 2,710 என்று எழுதி அனுப்பினார்கள். உண்மையில் பிடித்தது 48,000க்கும் மேல். 1960-ஐ ஒட்டிய இரண்டே பருவங்களில் சுமார் 25,000. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கரையிலிருந்து வேட்டையாடிய நிலையங்கள், இந்த வருஷம் ஒன்றும் வரவில்லையே என்று கடலைப் பார்த்துக் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தின. கப்பலில் வெளிநாட்டுப் பார்வையாளரை ஏற்ற வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அது எப்படியோ தள்ளிப்போனது. 1972இல் ஒருவழியாக ஏறினார்கள். அதன்பிறகு ரஷ்யக் கணக்கு திடீரென்று யோக்கியமாகிவிட்டது.

இந்த உண்மை எப்படி வெளியே வந்தது? ‘யூரி டோல்கொருக்கி’ என்ற சோவியத் கப்பலில் இருந்த விஞ்ஞானி டிமிட்ரி தோர்மோசோவ், அழிக்கச் சொன்ன ஆவணங்களை அழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். 57,000 திமிங்கிலங்களின் தனித்தனிப் பதிவுகள். அவற்றை அவர் ஒளித்து வைத்த இடம், வீட்டு உருளைக்கிழங்கு நிலவறை. உளவுத்துறைக்கு எல்லாவற்றிலும் மூக்கு உண்டு. உருளைக்கிழங்கை மட்டும் யார் மோந்து பார்ப்பார்கள்? சோவியத் நாடே கலைந்த பிறகு, 1993இல் அலெக்ஸி யாப்லோகோவ் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் நடந்த மாநாடு ஒன்றில் எழுந்து, நாங்கள் பொய்க் கணக்குக் கொடுத்தோம் என்று சொன்னார். உண்மைக் கணக்கு துண்டு துண்டாக மேலே வந்தது. உலகம் முழுக்க மறைத்தவை கிட்டத்தட்ட 1,80,000. கமிஷனின் விஞ்ஞானிகள் அதுநாள்வரை போட்ட சூத்திரங்களெல்லாம் அந்தக் கிழங்கு மூட்டைக்குக் கீழே நசுங்கிப் போயின.

திமிங்கிலத்துக்காகக் கடைசியில் வாதாடியது கணக்கு அல்ல, பாட்டு. 1970இல் ராஜர் பேய்ன் என்பவர் கூன்முதுகுகளின் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டார். தத்துவமோ சட்டமோ அசைக்காத மனிதனை ஒரு கச்சேரி அசைத்துவிட்டது. 1979இல் ஒரு பத்திரிகை தன் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளில் அந்தப் பாட்டை மெல்லிய தட்டாக இணைத்துக் கொடுத்தது. 1977இல் வாயேஜர் விண்கலத்திலும் பாட்டு ஏறியது. எந்தக் கிரகத்துக்காரராவது கேட்டுவிட்டு, அருமையாகப் பாடுகிறாரே, இவர் இப்போது எங்கே என்று விசாரித்தால் என்ன சொல்வது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

1972இல் ஸ்டாக்ஹோமில் ஐநா சுற்றுச்சூழல் மாநாடு. வெளியே இளைஞர்கள் பேருந்துக்குத் திமிங்கில வேஷம் கட்டி ஊர்வலம் விட்டார்கள். உள்ளே இந்திரா காந்தி பேசினார். விருந்தளித்த ஸ்வீடனின் பிரதமரைத் தவிர அங்கே வந்த ஒரே அரசாங்கத் தலைவர் அவர்தான். வியாபார வேட்டையைப் பத்து வருஷம் நிறுத்தக் கோரும் தீர்மானம் 53-0 என்று நிறைவேறியது. சில வாரம் கழித்து லண்டனில் கமிஷன் கூடி, அதே யோசனையைக் குப்பையில் போட்டது. உலகத்தில் ஒருவர்கூட எதிர்க்காத ஒன்று அந்த அறைக்குள் தோற்றது. அறையில் உட்கார்ந்திருந்த 14 பேரில் பலருக்கு அது பிழைப்பு. இருந்தாலும் கொஞ்சம் வெட்கம் வந்ததால் அந்த வருஷம் நீலத் திமிங்கில அலகை ஒழித்தார்கள். ஒரு நீலம் என்பது ஒரு நீலம் மட்டுமே என்ற மாபெரும் கண்டுபிடிப்புக்கு 26 வருஷம் பிடித்தது.

அப்படியானால் அறையில் உட்காரும் ஆட்களை மாற்றினால்? அந்த உத்திதான் ஜெயித்தது. ஒப்பந்தத்தில் சேர வேட்டைக்காரராக இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. கப்பலே இல்லாத நாடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சேஷெல்ஸ் 1979இல் சேர்ந்த கையோடு, இந்தியப் பெருங்கடல் முழுவதையும் சரணாலயமாக்கு என்று கேட்டு வாங்கியது. புதுமருமகள் வந்த அன்றே பத்தாயத்துச் சாவியைக் கேட்டதுபோல. சில வருஷங்களில் திருகோணமலைக் கடலில் ஆராய்ச்சியாளர்கள் படகில் போய், திமிங்கிலத்தைக் கொல்லாமலேயே அதைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியும் என்று காட்டினார்கள். இந்தியா 1981இல் சேர்ந்தது. 1982 ஜூலையில் பிரைட்டனில் வாக்கெடுப்பு. வியாபார வேட்டைத் தடைக்கு ஆதரவு 25, எதிர்ப்பு 7, நழுவியவர் 5. இந்தியா ஆதரவு. ஒரு திமிங்கிலமும் இல்லாத சுவிட்சர்லாந்து நழுவியது; வழக்கம்போல நடுநிலை.

எதிர்த்தரப்பும் அதே வித்தையைக் கற்றது. பின்னாளில் மங்கோலியாவும் மாலியும் லாவோஸும் கமிஷனில் சேர்ந்தன. மூன்றுக்கும் கடற்கரையே கிடையாது. வோட்டு விலைக்குப் போகிறது என்று இரு தரப்பும் ஒன்றையொன்று ஏசின. நமக்கு இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

தடைக்கு ஆட்சேபக் கடிதம் போட்டிருந்த ஜப்பான், பிறகு அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு மாறியது. 1987 முதல் விஞ்ஞானத்துக்காகக் கொன்றது. விஞ்ஞானம் முடிந்ததும் மீதியைச் சந்தைக்கு அனுப்பியது. 2005-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சுமார் 3,600 மிங்கித் திமிங்கிலங்கள் செத்தன. அதிலிருந்து சக விஞ்ஞானிகள் சரிபார்த்து வெளிவந்த கட்டுரைகள் இரண்டு என்று சர்வதேச நீதிமன்றம் எண்ணிச் சொன்னது. கட்டுரைக்கு 1,800 திமிங்கிலம். ஒரு நீலத்துக்கு ஆறு சேய் என்ற வாய்ப்பாடே இதற்கு எவ்வளவோ தேவலை. 2014இல் 12-4 என்று தீர்ப்பு ஜப்பானுக்கு எதிராக வந்தது. 2019இல் ஜப்பான் கமிஷனைவிட்டே விலகி, ஆராய்ச்சி முகமூடியைக் கழற்றிவிட்டுத் தன் கடலிலேயே வெளிப்படையாக வேட்டையாடுகிறது. ஒரு விதத்தில் நிம்மதி.

இருபதாம் நூற்றாண்டில் செத்தவை சுமார் 29 லட்சம். இவ்வளவு பொய்யும் புரட்டும் வோட்டுப் பேரமும் நடந்த பிறகும் அந்த 25-7 வேலை செய்தது. தென்மேற்கு அட்லாண்டிக்கில் 450 வரை தேய்ந்த கூன்முதுகுகள் இன்று சுமார் 25,000. அண்டார்ட்டிக நீலம் பாவம், சுமார் 2,39,000 இருந்தது 1973இல் 360 ஆகி, 1998இல் 2,280க்கு மெல்ல ஏறியது. யோக்கியர்கள் ஒன்றுசேர்ந்து காப்பாற்றிய கதை இல்லை இது. பங்காளிகள் மட்டும் உட்கார்ந்திருந்த அறைக்குள் வேறு ஆட்கள் நுழைந்த கதை. கப்பலுக்குள் ஒரு பார்வையாளரும், நிலவறைக்குள் ஒரு கணக்குப்பிள்ளையும் இருந்த கதை.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலகம் மறுபடி கூடியது. பல்லுயிரைக் காக்க 23 இலக்குகள். 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது அதிலொன்று, நல்லது. பணம் திரட்டும் வழிகளைச் சொல்கிற 19ஆவது இலக்கில் பல்லுயிர் ஈட்டுச் சீட்டு, வரவுச் சீட்டு என்ற சொற்கள் எட்டிப் பார்க்கின்றன. இங்கே அழிகிற ஒன்றுக்கு ஈடாக அங்கே பேணப்படும் ஒன்றை வரவு வைக்கலாம் என்ற யோசனை. ஈடு என்றால் அலகு வேண்டும். எத்தனை கண்டல் சேர்ந்தால் ஒரு பவளப்பாறை, எத்தனை தைலமரம் சேர்ந்தால் ஒரு சோலைக்காடு என்று யாரோ ஒருவர் எங்கேயோ பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார்.

அந்த வாய்ப்பாடு வந்து சேர்வதற்குள், யாராவது வீட்டில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி வையுங்கள்.